பால் சேம்பர்ஸின் பாஸைத் தேடி: மூன்று அறைகளும் சில தட்டுகளும்

ஜாஸ் இசைத்தட்டு சேர்ப்பதில் இந்த முறை வழியை மாற்றிக்கொண்டேன். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் என்று அட்டையின் முன்பக்கப் பெயரைப் பார்த்து வாங்குவதை விட்டுவிட்டு, பால் சேம்பர்ஸ் டபுள் பாஸ் (வயலின் போன்ற, ஆள் உயரக் கீழ்ச்சுர வாத்தியம்) வாசித்த தட்டுகளை மட்டும் தேடுகிறேன். மிருதங்கம் யார் என்று கேட்டுவிட்டுக் கச்சேரிக்குக் கிளம்புகிறவர்கள் நம்மிடையே உண்டே, அந்த மாதிரி.

சேம்பர்ஸ் 1935 ஏப்ரல் 22 அன்று பிட்ஸ்பர்க்கில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். இருபது வயதில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்தார். 1969 ஜனவரியில் இறந்தபோது வயது 33தான். ஆனால் ஐம்பதுகளின் பிற்பாதியில் வந்த நல்ல ஜாஸ் தட்டு எதையாவது திருப்பி, பின்னட்டையில் வாசித்தவர்கள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி இவர் பெயர் இருக்கும். ப்ளூ நோட், ப்ரெஸ்டீஜ், கொலம்பியா, அட்லாண்டிக் என்று கம்பெனி பேதமே இல்லாமல் வாசித்திருக்கிறார். சேர்ப்பவனுக்கு இது பெரிய வசதி. ஒரே மனிதரின் விரல்களை வெவ்வேறு அறைகளில், வெவ்வேறு ஒலிப்பதிவாளர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம்.

முதலில் பாஸ் காதில் விழ வேண்டும். டபுள் பாஸின் அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. என் சின்ன ஸ்பீக்கர்கள் அவ்வளவு கீழே இறங்காது. அவற்றைச் சுவருக்குப் பக்கத்தில் தள்ளி வைத்ததும் கீழ்ச்சுரங்கள் கொஞ்சம் பலப்பட்டன. ரொம்ப ஒட்டி வைத்தால் எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும் என்பதால் ஒவ்வொரு அங்குலமாக நகர்த்தி இடம் பிடித்தேன். மோனோ (ஒற்றைச் சானல்) தட்டுகளுக்கு ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்துவது அடுத்த பழக்கம். மோனோ தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே பதிந்திருக்கும். ஸ்டீரியோ ஊசி மேலும் கீழுமான அசைவையும் படிப்பதால் தூசியும் கீறலும் கூடுதலாகக் கேட்கும். இரண்டு சானலையும் சேர்த்துவிட்டால் அந்தச் சத்தத்தில் நிறைய அடங்கிவிடுகிறது. செலவில்லாமல் கிடைத்த முன்னேற்றம் இது.

சரி, அறைகளுக்கு வருவோம்.

முதல் அறை, நியூ ஜெர்சியின் ஹாக்கென்சாக்கில் ஒரு வீட்டு வரவேற்பறை. ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெற்றோர் வீடு அது. பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே அங்கேதான் அவர் ப்ளூ நோட்டுக்கும் ப்ரெஸ்டீஜுக்கும் பதிவு செய்தார். கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்' 1957 செப்டம்பர் 15 அன்று அந்த அறையில்தான் பதிவானது. இங்கே சேம்பர்ஸின் பாஸ் மிக நெருக்கமாக, உருண்டு திரண்டு கேட்கிறது. ஊதுகுழல்கள் நெற்றிக்கு நேராக வந்து நிற்கும்போதும் பாஸ் நடை தொலைவதில்லை. வான் கெல்டர் பியானோவைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டார் என்று ரசிகர்கள் குறை சொல்வது வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாஸுக்கு அவர் கொடுத்த இடத்தைக் கேட்ட பிறகு எனக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டாவது அறை லாஸ் ஏஞ்சலஸில், கான்டெம்பரரி கம்பெனியின் சரக்கறை. பகலில் தட்டுகளைப் பெட்டி கட்டி அனுப்பும் இடம். ஒலிப்பதிவாளர் ராய் டுனான் அங்கே மைக் வைத்துப் பதிவு செய்தார். 1957 ஜனவரி 19 அன்று மைல்ஸ் குழுவின் பியானோ, பாஸ், டிரம்ஸ் மூவரோடு ஆல்டோ சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்ட் பெப்பர் வாசித்த தட்டை இந்த வரிசையில் தவறவிடவே கூடாது. ஸ்டீரியோவில் சாக்ஸ் ஒரு பக்கம், மற்ற மூவரும் மறுபக்கம். பாஸ் இங்கே மெலிந்து தெளிகிறது. விரல் தந்தியை விட்டு எழும் நொடி தனியாகக் கேட்கிறது. 'ப்ளூ ட்ரெய்ன்' போட்டு முடித்த கையோடு இதைப் போட்டால் வேறு ஆள் வாசிக்கிறாரோ என்றே தோன்றும்.

மூன்றாவது, நியூயார்க் 30ஆம் தெருவில் கொலம்பியா ஸ்டூடியோவாக மாற்றிய பழைய தேவாலயம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில் அங்கே பதிவானது. உயரமான கூரை, ஒலியைச் சுற்றி நிறைய காற்று. முதல் துண்டான 'ஸோ வாட்'டில், சிறு முன்னுரைக்குப் பிறகு பல்லவியைச் சொல்வதே பாஸ்தான். பியானோவும் ஊதுகுழல்களும் இரண்டிரண்டு அடியில் பதில் மட்டும் சொல்கின்றன. சுர வரிசையைப் பார்த்தால் நம் கரகரப்ரியாவின் ஏழு சுரங்கள். நடுவில் எட்டு பார்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) அப்படியே அரைச்சுரம் மேலே ஏறித் திரும்புகிறது. இவ்வளவு காலியான இடத்தில் பாஸ் கொஞ்சம் தளர்ந்தாலும் எல்லாம் சரிந்துவிடும். சேம்பர்ஸ் தளரவே இல்லை.

இந்தத் தட்டை வாங்குகிறவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. மார்ச் 2 அன்று ஓடிய முதன்மை டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டி எடுத்த பழைய பதிப்புகளில் முதல் பக்கம் முழுவதும் வேகமும் சுருதியும் கொஞ்சம் ஏறியிருக்கும். கூடவே ஓடிய காப்பு டேப்பை வைத்து 1992இல்தான் திருத்தினார்கள். என்னிடம் இரண்டு விதமும் இருக்கின்றன. திருத்திய பதிப்பில் பாஸ் தரையில் நன்றாகக் கால் ஊன்றி நிற்கிறது. பழைய அச்சுக்காக ஏங்கும் நண்பர்களிடம் இந்த ஒரு தட்டில் மட்டும் நான் மறுபதிப்பின் பக்கம்தான் பேசுகிறேன்.

அதே 1959 மே மாதத் தொடக்கத்தில், அதாவது இரண்டு வாரம்கூட ஆகாமல், சேம்பர்ஸ் அட்லாண்டிக்கில் கோல்ட்ரேனோடு 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பதிவில் இருந்தார். இங்கே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) மூச்சு விட நேரம் தராமல் மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டின் கடைசித் துண்டு 'மிஸ்டர் பி.சி.', கோல்ட்ரேன் இவர் பெயரில் அமைத்தது. இரண்டு தட்டுகளையும் ஒரே மாலையில் கேட்பதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன்.

வில் வாசிப்பைப் பற்றித்தான் எங்கள் சனிக்கிழமைக் குழுவில் காரசாரமான பேச்சு. ஜாஸ் பாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் விரலால்தான் மீட்டுவார்கள். சேம்பர்ஸ் தனி ஆவர்த்தனத்தில் அடிக்கடி வில்லை எடுத்துவிடுவார். 'ப்ளூ ட்ரெய்ன்' தட்டின் 'மொமென்ட்ஸ் நோட்டிஸ்' துண்டிலும் கேட்கலாம். தொண்டை கட்டிய குரல் போல இருக்கிறது என்கிறார் வயலின் கற்ற ஒரு நண்பர். எனக்கு அந்தக் கரகரப்பு பிடித்திருக்கிறது. அந்த நண்பருக்காகவே 'பாஸ் ஆன் டாப்' தட்டைப் போட்டுக் காட்டினேன். 1957 ஜூலையில் சேம்பர்ஸ் தன் பெயரில், கென்னி பரெல்லின் கிட்டாரோடு பதிவு செய்தது. முதல் துண்டிலேயே வில்லால் பாட்டு முழுவதையும் பாடிவிடுகிறார். நண்பர் கருத்தை மாற்றவில்லை, ஆனால் தட்டை இரவல் வாங்கிப் போனார்.

வாங்கும் விஷயத்தில் சுருக்கமாக. பழைய ப்ளூ நோட் என்றால் லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன். அச்சுக்கான மூலத் தட்டை வான் கெல்டரே வெட்டியிருந்தால் அவர் முதலெழுத்துகள் இருக்கும். காது வடிவில் ஒரு குறி இருந்தால் ப்ளாஸ்டிலைட் ஆலையில் அச்சானது. அறுபதுகளின் நடுவில் லிபர்ட்டி கம்பெனி ப்ளூ நோட்டை வாங்கிய பின் அந்தக் காது மறைந்துவிடுகிறது. காது உள்ள தட்டுகளின் விலை எனக்கு எட்டாது. 2019 முதல் ப்ளூ நோட்டே வெளியிடும் டோன் போயட் மறுபதிப்புகளை மனநிறைவோடு வாங்குகிறேன்.

இனி மேடைப் பதிவுகள். அறைகளைக் கேட்டாயிற்று, கூட்டத்துக்கு நடுவில் இந்தப் பாஸ் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். 1961 ஏப்ரல் 21, 22 இரவுகளில் மைல்ஸ் குழு சான் ஃபிரான்சிஸ்கோவின் ப்ளாக்ஹாக் கிளப்பில் வாசித்தது வெள்ளி, சனி என்று தனித்தனித் தட்டுகளாக வந்தது. சனிக்கிழமை சேம்பர்ஸுக்கு 26ஆவது பிறந்தநாள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் சனிக்கிழமையைத்தான் வாங்குவேன்.