பழமும் பளமும்

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிகள். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் பார்க்க 2005 முதல் நடக்கும் ஏசர் (ASER) கணக்கெடுப்பில் உள்ள அதே படிகளைத்தான் எங்கள் தொண்டு நிறுவனமும் வைத்திருந்தது.

ஒரு பையன் வந்தான். தாளில் "கிழவி ஒருத்தி வாழைப்பழம் விற்றாள்" என்று இருந்தது. "கெளவி ஒருத்தி வாளப்பளம் வித்தா" என்று மடமடவென வாசித்தான். பத்தி முடிவதற்குள் ஏழெட்டுத் தவறு குறித்துவிட்டேன். சொல் நிலை என்று எழுதி, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

மதியம் வகுப்பு டீச்சர் பட்டியலைப் பார்த்தார். "இவனா சார் சொல் நிலை? மத்த பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுறதே இவன்தான்." நான் குறித்த தவறுகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல கெளவிதான் சார். நானே வீட்டுல அப்படித்தான் சொல்றேன்" என்றார்.

எங்கள் வீடு செல்லூரில். "வாளப்பளம் தின்னுட்டுப் போடா" என்று சொல்லித்தான் என் அம்மாவும் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார்.

இது மதிப்பெண்ணோடு போகிற காரியம் இல்லை. தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து, அதற்கேற்பப் பாடம் நடத்துகிறார்கள். நல்ல ஏற்பாடு அது. ஆனால் நிலையைத் தப்பாகக் கணித்தால், சரளமாக வாசிக்கிற பிள்ளை மறுபடி எழுத்துக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிள்ளையின் ஒரு வருஷம் அது.

அலுவலகத்தில் பேசினோம். மேலூர்ப் பக்கம் போன சக ஊழியர் ழகரத்தைத் தவறாகவே எண்ணவில்லையாம். அப்படியானால் இரண்டு வட்டாரங்களையும் ஒப்பிட்டு நாங்கள் போட்ட அட்டவணையில் தெரிந்த வித்தியாசத்தில் பிள்ளைகளுடையது எவ்வளவு, எங்கள் காதுகளுடையது எவ்வளவு? அன்றிலிருந்து களத்துக்குப் போகும் முன் ஒரே பிள்ளை வாசிப்பதை இரண்டு பேர் தனித்தனியே குறித்து, அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். "மழை"யை "மளை" என்றால் சரி. "மரம்" என்று ஊகித்தால் தவறு. வாசித்து முடித்ததும் பொருள் கேட்க வேண்டும் என்றும் விதி வைத்தோம்.

ழகரம் சொல்லித்தர வேண்டியதுதானே என்று ஒருவர் வாதாடினார். கட்டாயம் சொல்லித்தர வேண்டும். அதற்குத் தனிக் கட்டம் போட்டோம். எழுத்து தெரியாததும் நாக்கு திரும்பாததும் ஒன்றில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறு தாளோடு அதே பள்ளிக்குப் போனேன். பையன் கதையையே வாசித்து முடித்து, கேட்டதற்கெல்லாம் பதிலும் சொன்னான். கதை நிலை என்று நான் எழுதுவதை எட்டிப் பார்த்தான்.

"போன தடவையும் இப்படித்தான சார் வாசிச்சேன்?"

ஆமாம்டா, நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். அதற்கு முன் நான் போய் வந்த பள்ளிகளின் பட்டியல்களை அன்று இரவே திரும்ப எடுத்தேன்.