ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்த பிறகு

கல்லல் பக்கம் எனக்குச் சொந்த ஊர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவன். தலையில் ரத்தம் வராத அடிக்காக, பல வருஷம் கழித்து மூளை ஸ்கேன் வரைக்கும் போய் வந்தேன். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டங்களில் தெருவுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் இருக்கிறார். அவர்களில் யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காஷ்மீரில் இருந்தபோது எங்களுக்கு முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. அந்த அதிர்ச்சியில் நான் எங்கள் வண்டியின் பக்கவாட்டில் போய் மோதினேன். சில நிமிஷம் நினைவில்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். காது இரைந்தது, வாந்தி வந்தது. கை கால் போனவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில் இதையெல்லாம் யார் சொல்லிக்கொண்டு இருப்பார்கள்? மறுநாள் டியூட்டிக்குப் போய்விட்டேன். மருத்துவப் பதிவில் ஒரு வரிகூட ஏறவில்லை.

ஊருக்கு வந்த பிறகுதான் மற்றவர்கள் கவனித்தார்கள். கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றிய பழைய செட்டியார் வீடு ஒன்றில் இரவுக் காவல் வேலை கிடைத்தது. காலையில் வளவு (வீட்டு உள்முற்றம்) வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பினாலே தலைவலி பிடித்துக்கொள்ளும். சாவியை எங்கே வைத்தேன் என்பது மறந்துவிடும். கொப்புடையம்மன் கோயில் திருவிழா வேட்டுக்கு உடம்பே நடுங்கும். “என்னங்க, நீங்க முன்னாடி இப்படிக் கோபப்பட மாட்டீங்களே” என்று என் மனைவி திரும்பத் திரும்பச் சொல்வாள். கடைசியில் என்னை டாக்டரிடம் கிளப்பியதும் அவள்தான்.

முன்னாள் படைவீரர்களுக்கு 2003ல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. அந்த அட்டையோடு அத்திட்டத்தின் பாலிகிளினிக்குக்குப் போனால், அங்கே பார்த்துவிட்டு ரெஃபரல் சீட்டு தருவார்கள். அதைக் கொண்டுபோய் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் காட்டலாம். எனக்கு முதலில் தலைவலி மாத்திரைதான் கொடுத்தார்கள். வெடி நடந்த கதையைச் சொன்ன பிறகே மதுரையில் நரம்பியல் டாக்டருக்குச் சீட்டு எழுதினார்கள். ஆகவே போனதும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லிவிடுங்கள். தலைவலி என்று மட்டும் சொன்னால் தலைவலியைத்தான் பார்ப்பார்கள்.

அந்த நரம்பியல் டாக்டருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஸ்கேனுக்கு முன்பே வெகுநேரம் கேள்வி கேட்டார். எவ்வளவு நேரம் நினைவு இல்லை? வெடிக்கு முன் கடைசியாக ஞாபகம் இருப்பது எது, பின் முதலில் ஞாபகம் வருவது எது? நினைவு தப்பியது அரை மணி நேரத்துக்குள், ஞாபகக் குழப்பம் ஒரு நாளுக்குள் என்றால் அதை லேசான மூளைக்காயம் என்ற வகையில் வைப்பார்களாம். அடிபட்ட நேரத்து நிலையை வைத்துத்தான் லேசு என்கிறார்கள். பின்னால் படுகிற பாடு அந்தச் சொல்லுக்குள் அடங்காது. கூட வந்த மனைவியிடம் தனியாகவும் கேட்டார். என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரிந்திருந்தது.

அடுத்து எம்.ஆர்.ஐ. அடிபட்ட உடனே எடுக்கும் சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் பெரிய ரத்தக்கசிவையும் காட்டும். இத்தனை வருஷம் கழித்து அதனால் பெரிய பயன் இல்லை என்றார் டாக்டர். எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டபிள்யூ.ஐ. என்று ஒரு வகைப் படத்தையும் சேர்த்து எடுக்கும்படி சீட்டில் எழுதினார். பழைய நுண்ணிய ரத்தக்கசிவு விட்டுப்போன இரும்புச்சத்தை அது கறுப்புப் புள்ளியாகக் காட்டுமாம். இதைச் சீட்டில் எழுதவில்லை என்றால் சில இடங்களில் எடுக்காமலே விட்டுவிடுவார்கள். நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

குண்டுவெடிப்பில் இருந்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. உடம்பில் எங்காவது சில்லு தங்கியிருக்கலாம். எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம். கண்ணுக்குள் இரும்புத்துகள் இருந்தால் அது நகர்ந்து பார்வையைக் கெடுத்துவிடும். நான் சொன்னதும் முதலில் கண் பகுதிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். வெள்ளி அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் கழற்றி மனைவியிடம் கொடுத்தேன்.

உள்ளே படுத்ததும் வந்த சத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தட் தட் தட் என்று தொடர்ச்சியாக, மெஷின்கன் மாதிரியே. காதில் பஞ்சும் ஹெட்போனும் இருந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டேன், நிறுத்தினார்கள். அந்த டெக்னீஷியன் தம்பி பொறுமையானவர். “ஐயா, இப்ப வர்ற சத்தம் நாலு நிமிஷம், அடுத்தது மூணு நிமிஷம்” என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் மைக்கில் சொல்லிக்கொண்டே எடுத்தார். எப்போது நிற்கும் என்று தெரிந்தால் தாங்கிக்கொள்ள முடிகிறது. போர்முனையில் இருந்தவர்கள் இதை முன்பே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ரிப்போர்ட் வந்தது. நார்மல். கறுப்புப் புள்ளிகூட இல்லை. கவுண்டரில் இருந்தவர் “ஒண்ணுமில்ல, சந்தோஷமாப் போங்க” என்றார். எனக்கு அழுகை வந்தது. அப்போ இவ்வளவு நாள் நான் பட்டதெல்லாம் என்ன?

டாக்டர் அதற்குச் சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. லேசான மூளைக்காயத்தில் சாதாரண ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். மூளைக்குள் நீண்டு ஓடும் நரம்பிழைகள் உலுக்கலில் இழுபட்டுப் பழுதாவது அந்தப் படத்துக்கு எட்டாத அளவு நுணுக்கமானது. அதைத் தேடத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் டி.டி.ஐ. என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். அது மூளையில் உள்ள நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அளக்கிறது. வாய்க்காலில் போகிற கண்மாய்த் தண்ணீர் மாதிரி, இழை ஒழுங்காக இருந்தால் நீர் அதன் போக்கிலேயே ஓடும். கரை உடைந்தால் நாலா பக்கமும் பரவும்.

அப்புறம் கல்லூரியில் படிக்கும் மகளை உட்கார வைத்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2011ல் அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது. வெடியில் லேசான மூளைக்காயம் பட்டு, ஜெர்மனியில் உள்ள அவர்களுடைய லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனைக்கு வந்த 63 பேரை டி.டி.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெடியில் சிக்கியும் மூளைக்காயம் இல்லாத 21 வீரர்களோடு ஒப்பிட்டார்கள். 63 பேரில் 18 பேருக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் மாறுதல் தெரிந்தது. மற்றவர்களுக்குப் படம் தெளிவாக எதுவும் சொல்லவில்லை, ஆனால் அவர்களுக்குக் காயமே இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் அந்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை மகளை மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

சரி, எனக்கும் டி.டி.ஐ. எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடும்போது அந்த அளவுகள் பேசும். தனி ஒருவரின் படத்தை மட்டும் வைத்து இது அன்றைய வெடியால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல இன்னும் முடியாது. வயசு, ரத்த அழுத்தம், குடி இவையும் அந்த எண்களை மாற்றும். மெஷினுக்கு மெஷின் அளவும் மாறும். கைக்காசு போட்டு எடுத்தாலும் என் சிகிச்சை மாறப்போவதில்லை என்றார். பணத்துக்கு ஆசைப்படாமல் இதைச் சொன்ன மனிதர் அவர்.

என் சிகிச்சை வேறு இடத்திலிருந்து வந்தது. ஞாபகம், கவனம் பற்றிய சோதனைகளைத் தமிழிலேயே வைத்தார்கள். சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, எண்களைப் பின்னாலிருந்து சொல்வது. தூக்கத்தைச் சோதித்ததில் மூச்சுத் தடைபடுவது தெரிந்தது. அதற்குத் தூங்கும்போது மூச்சுக்கு உதவும் மெஷின் கொடுத்து, இரவு வேலையை விடச் சொன்னார்கள். தினமும் வலிமாத்திரை போட்டதே தலைவலியை வளர்த்திருக்கிறது, அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். வேட்டுச் சத்தத்துக்கு நடுங்குவதற்கு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். போர் அனுபவத்தால் வரும் மனக்காயமும் மூளைக்காயமும் ஒரே மாதிரி அறிகுறி காட்டும், இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். மனநல டாக்டர் என்றதும் எங்கள் ஊரில் முகம் சுளிப்பார்கள். நான் போனேன், இப்போதும் போகிறேன்.

தலைவலி முழுவதும் போகவில்லை, ஆனால் வாரத்தில் பல நாள் இல்லாமல் கழிகிறது. கோபம் குறைந்திருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு தூக்கி எறிந்த பையன்களுக்கும், ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் விழுந்து “ஸ்கேன் நார்மல்” என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் இதே நிலை வரலாம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர்களை நடிக்கிறான் என்று சொல்லாதீர்கள்.

படைவீரர்கள் ஸ்கேனுக்குப் போகும் முன், வெடி நடந்த தேதி, இடம், யூனிட், பக்கத்தில் இருந்தவர் பெயர், எவ்வளவு நேரம் நினைவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். என்னைப் போல மருத்துவப் பதிவில் ஏறாத அடி என்றால், கூட இருந்தவர்களிடம் போனில் பேசி, அவர்கள் பார்த்ததை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் என் பழைய செக்‌ஷன் ஆட்கள் இருவரிடம் வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றாமவர் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறார், அவரிடமும் கேட்டிருக்கிறேன்.