யாரும் யாரையும் தேடிப் போகக் கூடாது

எங்கள் வீட்டு அவசரப் பை மூன்று வருடமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. டார்ச், பேட்டரி, கயிறு, முதலுதவிப் பெட்டி, ஆவணங்களின் நகல் என்று ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்து ஒரே மாலையில் வாங்கி அடுக்கினேன். ஜிப்பை இழுத்து மூடியதும் பெரிய கடமை ஒன்று முடிந்த நிம்மதி. நிஜமாகவே ஒரு நாள் ஆற்று வெள்ளம் தெருவுக்குள் வந்தபோது அந்தப் பையை யாருமே எடுக்கவில்லை. வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தார். அவருக்கு அப்படி ஒரு பை இருப்பதே தெரியாது.

மதியம் மூன்று மணிக்கு மழை வலுத்தது. நான் அலுவலகத்திலிருந்து மகளை அழைத்துவரப் பள்ளிக்கு ஓடினேன். மனைவியும் தன் வேலையிடத்திலிருந்து அதே பள்ளிக்குக் கிளம்பியிருக்கிறாள். மகளோ அதற்கு முன்பே தோழியின் அம்மாவோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் அங்கே இல்லை என்றதும் நான் வீட்டைப் பார்க்கத் திரும்பினேன். பின்னால் வந்த மனைவி, எங்கள் இருவரையும் தேடிப் பள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். போன் யாருக்கும் போகவில்லை. இப்படியே நான்கு மணி நேரம். மகள் இரண்டாவது மாடியில் பத்திரமாக இருந்தாள், அம்மாவை மாடி வீட்டுக்காரர் மேலே கூட்டிப்போயிருந்தார். முழங்கால் தண்ணீரில் அலைந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

ஓடுகிற வெள்ளம் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும், 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான கார்களை மிதக்கவிட்டு இழுத்துப் போய்விடும் என்பதைப் பிறகுதான் படித்தேன். அன்று எங்களை விட்டுவைத்தது தண்ணீரின் பெருந்தன்மை.

அப்புறம் படித்ததில் மனதில் ஒட்டிக்கொண்டது ஒரு ஜப்பானியச் சொல், தெண்டென்கோ. ஜப்பானின் வடகிழக்கில் சான்ரிக்கு என்ற கடற்கரை இருக்கிறது. 1896-இல் வந்த சுனாமியில் அங்கே சுமார் 22,000 பேர் இறந்தார்கள். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் திரும்பி ஓடி, குடும்பம் குடும்பமாகப் போன கதைகள் அந்த ஊர்களில் நிறைய. அந்த அனுபவத்தில் பிறந்த வழக்கம் இது: சுனாமி வந்தால் அவரவர் தனித்தனியாக மேட்டுக்கு ஓடு. முதலில் கேட்டபோது கல்நெஞ்சுக்காரப் பேச்சாகத்தான் பட்டது. யோசிக்க யோசிக்கத்தான் அதன் உள்பக்கம் பிடிபட்டது. என் மகள் எனக்காகக் காத்திருக்காமல் ஓடிவிடுவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தால்தான் நான் அவளைத் தேடிக் கீழே இறங்க மாட்டேன். நான் இறங்க மாட்டேன் என்று அவளுக்கும் தெரிய வேண்டும். அதற்கு முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பை இருந்தது, இந்தப் பேச்சு இல்லை.

சரி, பேசுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்தேன். முதல் விதி, யாரும் யாரையும் தேடிப் போகக் கூடாது என்று ஆரம்பித்ததும் அம்மா எழுந்துவிட்டார். "பிள்ளை எங்கே இருக்குன்னு தெரியாம நான் மட்டும் மாடியில போய் உட்காரணுமா? நல்லா இருக்குடா உன் திட்டம்" என்றார். மனைவியும் அவர் பக்கம்தான். அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு விதி கொஞ்சம் வளைந்தது. பக்கத்தில் இருப்பவரைக் கூட்டிக்கொண்டு போகலாம், போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாதவரைத் தேடிப் போகக் கூடாது. மகள் பள்ளியில் இருந்தால் பள்ளியின் பொறுப்பு. அவளை யாரிடமெல்லாம் அனுப்பலாம் என்று மூன்று பேர் பெயரை எழுத்தில் கொடுத்தோம், தோழியின் அம்மா உட்பட. அம்மா தனியாக இருந்தால் மாடி வீட்டுக்காரர். அவரிடம் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று போனது. இத்தனை வருடத்தில் அவரை உட்கார வைத்துப் பேசியது அன்றுதான் முதல் தடவை.

விதியைச் சொல்லிவிடலாம், தகவல் தெரியாமல் மேலே உட்கார்ந்திருப்பது யாரால் முடியும்? இதற்கும் ஜப்பானில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1995 கோபே நிலநடுக்கத்தில் தொலைபேசி இணைப்புகள் திணறிப்போன அனுபவத்துக்குப் பிறகு, 1998-இல் 171 என்ற எண்ணைத் தொடங்கினார்கள். பேரிடர் நேரத்தில் அதை அழைத்து நம் குரலில் தகவலைப் பதிந்துவைக்கலாம். வீட்டார் பிறகு அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டு 171 என் மனைவியின் தங்கை. அவள் இருப்பது வெகு தூரத்தில், வேறு ஊரில். அதனால்தான் அவள். நாங்கள் மாட்டிக்கொள்ளும் வெள்ளத்தில் அவளும் மாட்டிக்கொள்ள வாய்ப்பில்லை. எல்லோரும் அவளுக்கு மட்டும் செய்தி அனுப்ப வேண்டும், அவள் கணக்கு வைத்துக்கொள்வாள். அதுவும் அழைப்பு வேண்டாம், குறுஞ்செய்தி. பேச்சுக்கு இணைப்பு முழு நேரமும் திறந்திருக்க வேண்டும். குறுஞ்செய்திக்குச் சின்ன இடைவெளி கிடைத்தாலே போய்ச் சேர்ந்துவிடும்.

எண்கள் இன்னொரு தொல்லை. என் மனைவியின் எண்ணே எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. பன்னிரண்டு வருடக் கல்யாணம்! இப்போது ஆளுக்கொரு அட்டை வைத்திருக்கிறோம். கையால் எழுதி, இரண்டு பக்கமும் அகலமான செல்லோடேப் ஒட்டியது. மகள் தன் சித்தியின் எண்ணை ராகம் போட்டுப் பாடிப் பாடியே மனப்பாடம் செய்துவிட்டாள். குளியலறையில் அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு ஒத்திகை. இருட்டியதும், மின்சாரம் போய்விட்டது, தண்ணீர் வாசலுக்கு வருகிறது என்று அறிவித்தேன். டார்ச்சை எடுத்தால் எரியவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே பேட்டரி கசிந்து, ஸ்பிரிங் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. அதனால் இப்போது பேட்டரியை டார்ச்சுக்குள் போடாமல் அதன்மேலேயே ரப்பர் பேண்டில் கட்டி வைக்கிறோம். மெயின் சுவிட்ச் மனைவியின் கைக்கு எட்டவில்லை, முக்காலி தேவைப்பட்டது. தண்ணீர் உள்ளே வருவதற்கு முன்னால் அணைத்தால்தான் உண்டு. ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது. ஆகவே அந்த முக்காலிக்கு இனி வேறு வேலை கிடையாது. மகளுக்கு விசில் கொடுத்திருந்தேன், மாட்டிக்கொண்டால் மூன்று முறை ஊத வேண்டும் என்று. அவள் அதற்கடுத்த ஒரு வாரம் எங்கேயாவது மாட்டிக்கொண்டே இருந்தாள். கூத்தின் உச்சம் மைத்துனி. ஒத்திகை என்று அவளுக்கு முன்கூட்டிச் சொல்ல எல்லோருமே மறந்துவிட்டோம். "அம்மாவோடு மாடியில் இருக்கிறேன், காயமில்லை, இங்கேயே இருப்பேன்" என்று நான் அனுப்பியதைப் பார்த்துப் பதறிப்போய் ஏழு முறை அழைத்திருக்கிறாள். நான் எடுக்கவில்லை, விதி அப்படி. அன்று வாங்கிய திட்டு இங்கே வேண்டாம்.

பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். குடிநீர் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாளைக்கு. நான்கு பேருக்கு 48 லிட்டர். இதை எந்தப் பையிலும் தூக்க முடியாது என்பது கணக்குப் போட்ட பிறகுதான் உறைத்தது. பாதியை மாடி வீட்டுக்காரர் வீட்டில் வைத்திருக்கிறோம். அம்மாவின் இன்சுலினில் ஒரு விஷயம்: மின்சாரம் போனால் குளிர்ச்சி போய்விடுமே என்று அதை ஐஸ்மேல் நேராக வைத்துவிடக் கூடாது. ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. துணி சுற்றித் தள்ளி வைக்க வேண்டும். அந்த அட்டையில் அம்மாவின் மருந்துப் பெயர்களும் அளவும் பின்பக்கத்தில் இருக்கின்றன.

கூடும் இடம் இரண்டு குறித்திருந்தோம். ஒன்று வீட்டு மாடி. தெருவே வேண்டாம் என்றாகிவிட்டால் மேட்டுப் பகுதியில் இருக்கும் ஒரு மண்டபம். வரைபடத்தில் பார்த்து நான்தான் தேர்ந்தெடுத்தேன், உயரமான இடம், வெள்ளம் வராது. இந்த இடத்தில் கமாய்ஷி பற்றிச் சொல்ல வேண்டும். அதே சான்ரிக்குக் கரையில் இருக்கும் ஊர். 2011 மார்ச் 11 அன்று அங்கே ஒரு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள், பக்கத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, குறித்துவைத்த இடத்துக்கு ஓடினார்கள். அங்கே மலைச்சரிவு இடிந்திருப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே நிற்காமல் இன்னும் மேலே போனார்கள். அபாய வரைபடத்தின்படி அந்தப் பள்ளிகள் இருந்த இடத்துக்கே தண்ணீர் வந்திருக்கக் கூடாது. வந்தது. பள்ளிகள் இரண்டும் மூழ்கின. அவர்களுக்குப் பல வருடம் பயிற்சி கொடுத்த பேராசிரியர் கடாடா தொஷிதாகா சொல்லிவைத்த முதல் பாடமே, முன்கூட்டிப் போட்ட கணக்கை நம்பாதே என்பதுதான்.

இதை மகளிடம் கதையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ நம்ம மண்டபத்தைப் போய்ப் பார்த்தீங்களாப்பா?" என்றாள்.

பார்த்ததில்லை. மறுநாள் ராத்திரி சாப்பாடு முடிந்து நானும் அவளும் நடந்தே போனோம், இருபத்தைந்து நிமிடம். வெளிக் கேட்டில் பெரிய பூட்டு. காவலாளியைக் கேட்டால், எட்டு மணிக்கு மேல் திறக்க உத்தரவில்லை என்றார். மகள் அங்கேயே அட்டையை எடுத்து இரண்டாவது இடத்தின் மேல் ஒரு கோடு கிழித்தாள், செல்லோடேப்பின் மேல் பேனா சரியாக எழுதவில்லை.

வரும் ஞாயிறு வேறு இடம் பார்க்கப் போகிறோம். அம்மாவும் வருகிறாராம். படிக்கட்டு எத்தனை என்று அவரே எண்ணிப் பார்க்க வேண்டுமாம்.