எந்த எழுத்து வேண்டும் என்று முதலில் கேளுங்கள்

சென்னையில் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். புளியந்தோப்பு பக்கம் மாலையில் நடக்கும் ஒரு எழுத்தறிவு வகுப்புக்கு அவ்வப்போது சொல்லிக்கொடுக்கப் போகிறேன். அங்கே வருகிறவர்களில் பலருக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். பெரும்பாலும் தூய்மைப் பணி செய்யும் குடும்பங்கள், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், அவர்கள் பேசும் தமிழுக்கு முன்னால் என் தமிழ் நிற்காது.

அதில் ஒரு அக்கா. 29சி வருகிறது என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார், ஏனென்றால் எண்கள் அத்தனையும் தெரியும். போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் படத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். படம் இல்லாத அழைப்பை எடுக்கவே மாட்டார். "எம் பேத்தி நோட்டுல இன்னா எழுதுதுன்னு நானே பாக்கணும் டீச்சர்," இதுதான் அவர் வந்த காரணம். பேத்தி படிப்பது தமிழ்வழியில், ஆகவே அவருக்குத் தமிழ் போதும். ஆனால் அவர் கணவருக்குத் தமிழ் எழுத்தில் ஆர்வமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தெலுங்கு பைபிளைத் தானே வாசிக்க வேண்டுமாம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு எழுத்து. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு தமிழ்ப் புத்தகம். கணவர் சில நாள் வந்து உட்கார்ந்தார், அப்புறம் வரவில்லை.

இப்போது நடப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022-ல் தொடங்கி 2027 வரை, மொத்தம் 1,037.90 கோடி ரூபாய், அதில் 700 கோடி ஒன்றிய அரசின் பங்கு. 15 வயதுக்கு மேற்பட்ட யாரும் சேரலாம், சொல்லிக்கொடுப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது, எல்லோரும் தன்னார்வலர்கள். கடைசியில் 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு: வாசிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50. எழுத்தறிவோடு நிற்காமல் தொழில் திறனும் வாழ்க்கைத் திறனும் சேர்த்துத் தர வேண்டும் என்றும் திட்டம் சொல்கிறது. காகிதத்தில் குறை சொல்ல முடியாது. தரையில் வரும்போது ஒரு மாநிலத்துக்கு ஒரு மொழி என்று சுருங்கிவிடுகிறது, அதுதான் என் சண்டை.

திருவல்லிக்கேணியில் எனக்குத் தெரிந்த ஒரு தையல்கார அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். உருது சரளமாக வாசிப்பார், எழுதுவார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தாலே எழுத்தறிவு பெற்றவர்தான், ஆகவே கணக்கில் அவர் பாஸ். ஆனால் ஒரு பயிற்சி மையத்தில் கையால் செய்யும் பகுதியை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு, தமிழில் வந்த கேள்வித்தாளை வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுத்தறிவு வகுப்பில் அவருக்கு இடமில்லை, திறன் பயிற்சியிலும் சான்றிதழ் இல்லை. 2011-ல் சென்னையின் எழுத்தறிவு 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்ளும் கணக்கில் இவரும் இருக்கிறார்.

சட்டமும் பெரியவர்கள் பக்கம் திரும்பவில்லை. அரசியலமைப்பின் 350ஏ பிரிவு, 1956-ல் ஏழாவது திருத்தத்தில் சேர்த்தது, மொழிச் சிறுபான்மையினர் வீட்டுக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. நல்லது. அந்த வயதில் பள்ளிக்கே போகாதவர் ஐம்பது வயதில் வந்து கேட்டால் அதில் பதில் கிடையாது.

செய்யவே முடியாத காரியமும் இல்லை. மிசோரமில் இதே திட்டத்துக்காக வீடு வீடாகப் போய் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 3,026 பேர் என்று கண்டுபிடித்தார்கள், அதில் 1,692 பேர் படிக்கிறோம் என்றார்கள். பாடப்புத்தகம் மிசோ மொழியில். லாங்த்லாய் மாவட்டத்தில் தனி மொழி பேசும் லாய், சக்மா மக்கள் அதிகம் என்பதால் அங்கே மட்டும் தனியாக ஆங்கிலப் பதிப்பு. ஆங்கிலம் அவர்களின் தாய்மொழி இல்லைதான், அது சரியான விடையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் ஒரே புத்தகம் எல்லோருக்கும் பொருந்தாது என்பதையாவது ஒப்புக்கொண்டார்களே. 2025 மே மாதம் மிசோரம் முழு எழுத்தறிவு மாநிலம் என்று அறிவித்தார்கள்.

சென்னையில் இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கணக்கெடுக்க வருகிறவரின் படிவத்தில் பெயர், வயதுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்து, எந்த மொழியில் படிக்க விருப்பம் என்று கேட்கட்டும். தமிழ் என்று சொல்பவர்களே அதிகம் இருப்பார்கள், அது எனக்கும் தெரியும். மிச்சம் இருப்பவர்களுக்குத் தெலுங்குப் புத்தகம் ஆந்திராவிலிருந்தே வாங்கலாம். இந்த ஊரில் தெலுங்குவழி, உருதுவழிப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், வாரம் இரண்டு நாள் வருகிறேன், ஆறு மணிக்கு மேல் வையுங்கள் என்றார்.