பெரட்டு நேரத்துக் கதை

3 நவம்பர் 2024, ஞாயிறு

தீபாவளி முறுக்கு இன்னும் அரை டின் இருக்கிறது. நான் எழுதும் துப்பறியும் நாவலின் மூன்றாம் அத்தியாயமும் பாதியில் நிற்கிறது. முறுக்கு தீருவதற்குள் அத்தியாயத்தை முடிப்பதாக எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். அதனால் முறுக்கை மெதுவாகத் தின்கிறேன்.

காலை நாலரைக்கு எழுந்து எழுதுவது என் பழக்கம். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அம்மா முப்பத்தொரு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்தை விட்டு மலேசியாவின் இந்த சுங்கை சிப்புட் டவுனுக்கு வந்து எத்தனையோ காலமாகியும் பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பும் நேரத்தில் அவருக்கு விழிப்பு தட்டிவிடும். அடுப்படி விளக்கு எரிந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். அவர் கோப்பி கலக்குவார், நான் பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதுவேன். ஏழு மணிக்கு மூடி வைத்துவிட்டு கிளினிக் கவுண்டருக்குக் கிளம்ப வேண்டும்.

துப்பறியும் கதைகள் எழுதிய சிமெனோன் ஒரு தபால் உறையின் மேல் பாத்திரங்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு அத்தியாயமாகப் பத்துப் பதினோரு நாளில் நாவலை முடித்துவிடுவாராம். நானும் கரண்டு பில்லின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதித்தான் வைத்திருக்கிறேன். இந்த நாவலுக்கு இது பதினான்காவது மாதம்.

5 நவம்பர், செவ்வாய்

எந்தத் துப்பறியும் கதை பிடிக்கும் என்று கிளினிக்கில் ஒரு பையன் கேட்டான். மருந்துக்குக் காத்திருப்பவனிடம் நீளமாகப் பேச முடியுமா? இங்கே பேசிக்கொள்கிறேன்.

அப்பா சம்பளத்தன்று டவுனுக்குப் போனால் சாமான் பையில் இரண்டு பாக்கெட் நாவலாவது இருக்கும். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எட்டு வீடு சுற்றிவிட்டு வரும்போது அட்டை இருக்காது, சில சமயம் கடைசிப் பக்கமும் இருக்காது. கொலைகாரன் யார் என்று தெரியாமலே நான் முடித்த நாவல்கள் இருபதாவது இருக்கும். முடிவை நானே இட்டுக்கட்டித் தங்கைக்குச் சொல்வேன். எழுத்து அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அப்புறம் சுஜாதா. கணேஷ் யோசிப்பதைவிட வசந்த் வாயாடுவதற்காகத்தான் படித்தேன். இன்றும் என் வசனம் சவசவ என்று இருந்தால் அதில் ஒரு பக்கத்தை எடுத்துச் சத்தமாக வாசித்துப் பார்ப்பேன்.

ஆனால் இப்போது திரும்பத் திரும்ப எடுப்பது ஜப்பான்காரர் செய்ச்சோ மட்சுமோட்டோவை. 1958இல் புத்தகமாக வந்த ‘புள்ளிகளும் கோடுகளும்’. டோக்கியோ நிலையத்தின் 13ஆம் நடைமேடையில் நிற்பவருக்கு 15ஆம் நடைமேடை தெரியாது. இடையில் ஏதாவது ரயில் மறைத்துக்கொண்டே இருக்கும். மாலையில் நான்கே நிமிஷம் மட்டும் பார்வை திறக்கும். கதை முழுக்க அந்த நான்கு நிமிஷத்தில்தான் தொங்குகிறது. அவர் நாற்பதை ஒட்டிய வயதில்தான் எழுத வந்தார் என்பது எனக்குக் கூடுதல் ஆறுதல்.

அவருக்கு ரயில் அட்டவணை என்றால் எனக்குத் தோட்டம். ஐந்தரைக்குப் பெரட்டு, ஆறு மணிக்கு நிரை (அவரவர் வெட்டும் மர வரிசை), பத்தரைக்குப் பால் எடுப்பு, உச்சிப்பொழுதுக்குள் ஸ்டோரில் நிறுவை. யார் எந்த நேரத்தில் எந்த மரத்தடியில் இருப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பொய் சொல்பவனுக்கு இதைவிட நெருக்கடியான இடம் ஏது?

8 நவம்பர், வெள்ளி

எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். இன்று மாட்டிக்கொண்டேன்.

கதை 1978இல், ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் நடக்கிறது. கொலைகாரன் யார் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறேன். எப்படி அகப்படுகிறான் என்பதுதான் கதை, ஆகவே இங்கே சொல்வதால் நஷ்டமில்லை. விடியற்காலை ஒருவனைக் கொன்றுவிட்டு, ‘நான் நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன்’ என்கிறான். முந்தைய ராத்திரி மழையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். தகரக்கூரை, தவளை, வாய்க்கால் எல்லாம் அதில் உண்டு. எனக்கே மிகவும் பிடித்த இரண்டு பக்கம்.

அம்மா கோப்பியை வைத்துவிட்டுக் கேட்டார்: “ராத்திரி பூரா மழைங்கிற. விடிஞ்சதும் எவன் போய் மரம் வெட்டுவான்?”

பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர்தான் நிற்கும். பட்டை காயும் வரை காத்திருப்பார்கள், காயாவிட்டால் அன்றைக்கு வேலையில்லை. இது தோட்டத்துப் பிள்ளையான எனக்கே தெரியும். அழகாக எழுத ஆரம்பித்ததும் மறந்துபோனது.

மழையை எடுத்துவிட்டேன். தவளைகளையும்தான்.

9 நவம்பர், சனி

ஊரைப் பற்றி எழுதுகிறவர் 1948ஐ ஏன் எழுதவில்லை என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த ஆண்டு ஜூன் 16ஆம் தேதி இங்கே எல்ஃபில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் என்ற துரையும், பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் இரண்டு வெள்ளைக்காரர்களும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. வரலாற்றுக்கு அது பெரிய விஷயம். துப்பறிய அதில் ஒன்றுமில்லை.

துரை பங்களாவிலிருந்து எழுதிய கதைகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. 1911இல் கோலாலம்பூரில் எத்தல் ப்ரௌட்லாக் என்ற பெண் ஒரு சுரங்க மேலாளரைச் சுட்ட வழக்கை வைத்து ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் ‘கடிதம்’ எழுதினார். கச்சிதமான கதைதான். கித்தா தோட்டத்துப் பங்களாவில் சுடுகிறார்கள், ஆனால் பால் வெட்டும் ஒரு மனிதர்கூடக் கண்ணில் படுவதில்லை. அந்த எரிச்சலில்தான் பாலின் எடையைக் குறிக்கும் தோட்டக் கணக்கர், அதாவது கிராணியின் புத்தகத்தை என் கதையின் நடுவில் வைத்தேன்.

இன்னொன்று. பேரக்குவாட் என்ற களைக்கொல்லி விஷத்தை நான் கதையில் எடுப்பதில்லை. நாட்டில் 2020இல் தடை செய்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு லயத்திலும் அதைக் குடித்தவரின் வீடு ஒன்று இருந்தது.

13 நவம்பர், புதன்

முறுக்கு தீர்ந்தது. அத்தியாயம் முடியவில்லை.

குற்றக்கதை எழுத்தாளர் பெட்ரீஷியா ஹைஸ்மித் நத்தை வளர்த்தவர், கைப்பையில் போட்டுக்கொண்டு விருந்துக்குக்கூடப் போவாராம். சுங்கை சிப்புட் என்றால் மலாயில் நத்தை ஆறு. என் வேகத்துக்கு ஊர்ப்பெயரைக் காரணம் காட்டலாம்.

16 நவம்பர், சனி

ஐந்து மணிக்கே வழி கிடைத்தது. வேலை செய்ததற்குச் சாட்சி கிராணி எழுதும் எடைதானே? கொலைகாரன் கொலைக்கு முந்தைய நாட்களின் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைக்கிறான். சும்மா வைத்தால் பால் உறைந்துவிடும். அமோனியா ஊற்றினால் உறையாது. கொலை நாளன்று அதைத் தோளில் தூக்கும் காண்டா வாளியில் கொண்டுபோய் நிறுக்கிறான். வாடை காட்டிக்கொடுக்காதா? ஸ்டோரே அமோனியா வாடைதான். புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே எடை ஏறிவிடும்.

அம்மாவிடம் ஓடினேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“எடை சரி. ஒட்டுப்பால்?”

வெட்டிய கோட்டில் காய்ந்து நூலாக ஒட்டியிருக்கும் பாலை, அடுத்த வெட்டுக்கு முன்னால் உரித்துச் சாக்கில் போட வேண்டும். வெட்டாத மரத்தில் பழைய ஒட்டுப்பால் அப்படியே இருக்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அந்த நிரையில் ஒரு நடை நடந்தால் போதும்.

என் கொலைகாரன் இத்தனை எளிதாக அகப்படுவான் என்று நான் நினைக்கவே இல்லை. சந்தோஷத்தில் கரண்டு பில்லின் ஓரத்தில் ‘ஒட்டுப்பால்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

“எப்படிம்மா கேட்டதும் சொல்றீங்க?”

“ஒங்கப்பா ஒருதடவ செஞ்சாரு.”

பென்சிலைக் கீழே வைத்தேன்.

“ஆளக் கொல்ல இல்ல, பிள்ளை. ஈப்போவுல புதுப் படம். முத ஆட்டம் பாக்கணும்னு விடியக்காலையே பஸ் ஏறிட்டாரு. வாளியத் தம்பி முறைக்காரன் தூக்கிட்டுப் போயி நிறுத்தான்.”

“மண்டோர் பாக்கலையா?”

“பாத்தாரு. நிரை சுத்தமா இருந்துச்சு.”

“ஒட்டுப்பாலை யார் உரிச்சது?”

அம்மா வெங்காயத்தோலை ஒதுக்கிக் குப்பையில் போட்டார். “என் நிரையை முடிச்சிட்டு அங்க ஓடுனேன். வேற யாரு உரிப்பா?”

என் கொலைகாரனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பதினேழு பக்கத்தைத் திருத்த வேண்டும். நாளைக்கு நாலரைக்கு அவனுக்குப் பெண் பார்க்கிறேன்.