உடையார் வளவுச் சுவருக்கு மூச்சு வந்த கதை

எங்கள் அம்மம்மாவின் தகப்பனார் ஆங்கிலேயர் காலத்தில் உடையார். மணியகாரருக்குக் கீழே ஊர்களைப் பார்த்த பதவி அது. யாழ்ப்பாணத்து நல்லூரில் அவர் கட்டிய நாற்சார் வீட்டை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய வீட்டை, இன்றும் ‘உடையார் வளவு’ என்றுதான் சொல்வார்கள். போரால் 1995இல் நடந்த இடப்பெயர்வுக்குப் பிறகு நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது.

திருத்துவதற்கு முன் உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், சரிவர வேண்டும். சீதனமாக வந்த வீடு, பங்கு அம்மாவுக்கும் இரண்டு சின்னம்மாமாருக்கும். கனடாவிலும் பாரிஸிலும் இருந்து அற்றோணித் தத்துவம் (அவர்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) வந்து சேர எட்டு மாதம் ஆனது.

அப்புறம் நான் செய்த பிழை. அவசரப்பட்டு ஒரு மேசனைப் பிடித்து முன்சுவர் முழுவதும் சீமெந்து பூசுவித்தேன். ஒரு மாரிமழைக் காலம் முடிவதற்குள் சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. கூடவே உள்ளே இருந்த முருகைக்கல்லின் (பவளப்பாறைச் சுண்ணக்கல்லின்) முகமும் பெயர்ந்து வந்தது. அன்று நான் அழுதேன்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த முதியவர் ஒருவர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். “தம்பி, இது மூச்சு விடுற சுவர். நிலத்தால ஏறுற ஈரம் வெளியில போகோணும். சீமெந்து அதை அடைச்சுப் போடும். மந்திரி மனையைப் போய் வடிவாப் பாரும்” என்றார்.

மந்திரி மனை நல்லூரில் உள்ள பழைய கட்டடம். பருத்தித்துறை வீதியில் எத்தனை தடவை அதைக் கடந்திருப்பேன்! பெயர் அரசர் காலத்து மந்திரியைச் சொன்னாலும், இன்று நிற்கும் கட்டடம் 1619இல் யாழ்ப்பாண ராச்சியம் விழுந்ததற்குப் பிந்தியது. பூச்சு உதிர்ந்த இடங்களில் அந்தக் காலத்துச் சுண்ணாம்பு வேலை தெரிந்தது. வெகுநேரம் நின்று பார்த்தேன்.

சரி, சீமெந்தைக் கொத்தி எடுத்தோம். சோளகக் காற்றில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், சுவரை மாதக்கணக்கில் காயவிட்டோம். சுண்ணாம்பை நீற்றி, குழியில் ஊறப்போட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துக் குழைத்தோம். கடுக்காயும் பனங்கட்டியும் ஊறின தண்ணீரைத்தான் ஊற்றினார் அந்த முதியவர் ஐயா. மெல்லிய பூச்சாக மூன்று தடவை. ஒவ்வொன்றுக்கும் ஈரச்சாக்குத் தொங்கவிட வேண்டும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கல்லாகும். வெயிலில் சடுதியாகக் காய்ந்தால் வெடிக்கும்.

கூரையில் வைரமான பனைவளைகள் (பனைமரச் சட்டங்கள்) அப்படியே இருந்தன. அவற்றின் மேல் அடித்த மெல்லிய சலாகைகளை மட்டும் மாற்றினோம்.

இரண்டு மாரி கண்டுவிட்டது முன்சுவர், உப்பு இல்லை. குசினி (சமையலறை)ப் பக்கச் சுவரில் யாரோ முன்பு பூசின சீமெந்து இன்னும் இருக்கிறது. வருகிற சோளகத்தில் அதையும் கொத்த வேண்டும். ஐயாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.