அனுமதிக் கடிதம் வரும்வரை

ஜூன் 9, திங்கள்
பாலர் பள்ளியில் குழந்தைகளின் விளையாட்டைக் கவனிக்கும் என் ஆய்வுக்கு அனுமதி கேட்டிருந்தேன். எதிக்ஸ் கமிட்டியிடமிருந்து பதில் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்
மறுபடியும் அந்தக் கழிப்பறை ஆய்வு. 1976. மிடில்மிஸ்ட், நோல்ஸ், மேட்டர். பக்கத்தில் ஆள் நின்றால் உடல் பதறுகிறதா என்று அறிய, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆண்கள் கழிப்பறையில் 60 பேரை அவர்களுக்கே தெரியாமல் கவனித்தார்கள். அடுத்த தடுப்பறைக்குள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். புத்தக அடுக்குக்குள் பெரிஸ்கோப்பை, அதாவது மறைந்திருந்து பார்க்கும் கண்ணாடிக் குழாயை, மறைத்து வைத்து நேரத்தைக் குறித்தார். தனியாக இருந்தவர்களுக்குச் சிறுநீர் வரத் தொடங்கச் சராசரி 4.9 நொடி. பக்கத்திலேயே ஒருவர் நின்றபோது 8.4. முடிவு தெளிவாக வந்துவிட்டது, அதுதான் எனக்கு உறுத்தல். உளவியலாளர் கூச்சர் 1977-இல் கண்டித்து எழுதினார். ‘பொது இடம்தானே’ என்ற வாதம் இங்கே நிற்காது. அங்கே போகிறவர் பக்கத்தில் ஆள் வருவார் என்று எதிர்பார்ப்பார். தடுப்புக்குக் கீழே இருந்து ஒரு கண்ணாடி தன்னைப் பார்க்கும் என்று எந்த மனிதர் எதிர்பார்ப்பார்?

ஜூன் 12, வியாழன்
பாலர் பள்ளிக்கான பதிவுத்தாள். 10 நொடி பார், 5 நொடி எழுது. ஆனால் எல்லா நடத்தைக்கும் ஒரே விதி ஆகாது. அந்த 10 நொடி இடைவெளிக்குள் ஒருமுறை நடந்தாலே குறி போடுவது என்றால், ஒரு நொடித் தள்ளல் 10 நொடியாகக் கணக்கில் ஏறும். முழு இடைவெளியும் நீடித்தால்தான் குறி என்றால், தள்ளலே தாளில் இருக்காது. அதனால் தள்ளுதல், பிடுங்குதல் இரண்டுக்கும் நிகழ்வுப் பதிவு: நடக்கும்போதெல்லாம் ஒரு கோடு. தனியாக விளையாடுதல், பக்கத்தில் இருந்தும் சேராமல் விளையாடுதல், கூடி விளையாடுதல் ஆகியவை நீடிப்பவை. இடைவெளி முடிந்து மணி அடிக்கும் கணத்தில் என்ன நடக்கிறதோ அதை மட்டும் குறித்தால் போதும். குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த பார்டென் 1932-இல் ஒரு குழந்தைக்கு ஒரு நிமிடம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்த ஒழுங்கு இன்றும் கைகொடுக்கிறது.

ஜூன் 13, வெள்ளி
சதவீதத்தை நம்பவே கூடாது. பயிற்சிப் படத்தை வைத்து ஒத்திகை: 100 இடைவெளிகள், பார்த்துக் குறிக்கும் இரண்டு பதிவாளர்கள். இருவரும் ‘தள்ளினான்’ என்றது 2. இருவரும் ‘இல்லை’ என்றது 88. ஆளுக்கு 5 இடத்தில் ஒருவர் மட்டும் பார்த்திருக்கிறார். ஒற்றுமை 90 சதவீதம்! ஆனால் தள்ளல் அரிது. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ‘இல்லை’ போட்டிருந்தாலும் பெரும்பாலும் ஒத்துப்போயிருக்கும். தற்செயல் ஒற்றுமை 0.87. தற்செயலைக் கழித்துவிட்டு ஒற்றுமையை அளக்கும் கோஹனின் கப்பா வெறும் 0.23. வரையறையைத் திருத்தாமல் களத்துக்குப் போகக் கூடாது: கை பட்டால் போதுமா, எதிராளியின் உடல் அசைய வேண்டுமா?

ஜூன் 16, திங்கள்
இன்றும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்
ஒப்புதல் தராத பெற்றோரின் குழந்தை. ராத்திரி முழுக்க இதுதான். வீடியோ எடுத்தால் அந்தக் குழந்தை எப்படியும் சட்டகத்துக்குள் ஓடி வரும். பிறகு முகத்தை மங்கலாக்கலாம். ஆனால் மங்கலாக்குகிறவர் பார்த்தாகிவிட்டதே. அடையாளத்துக்கு வண்ண அட்டை குத்தினால் மற்றக் குழந்தைகள் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே வீடியோ வேண்டாம். விலங்கு நடத்தை ஆய்வாளர் ஆல்ட்மன் 1974-இல் விலங்குகளுக்கு வகுத்த வழிதான்: ஒரு நேரத்தில் ஒரு குழந்தை, அதுவும் முன்கூட்டியே சீட்டுக் குலுக்கிய வரிசைப்படி. ஒப்புதல் இல்லாத குழந்தை வந்து சேர்ந்தால் ‘இன்னொருவர்’ என்று மட்டும் எழுது. அவர் என்ன செய்தார் என்று எழுதாதே. தரவு ஓட்டை விழும். விழட்டும்.

ஜூன் 18, புதன்
அந்த 60 பேரில் ஒருவருக்குக்கூட ‘வேண்டாம்’ சொல்ல இடமில்லை.

ஜூன் 20, வெள்ளி
ஆசிரியை குழந்தையை அடித்தால்? பதிவாளர் தாளில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. பார்ப்பதை நிறுத்தி, குறுக்கிட்டு, பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்ற ஐயம் எழுந்தாலே, 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். அப்படியானால் ‘எல்லாம் இரகசியம்’ என்று ஆசிரியையிடம் உறுதி தருவது பொய். எந்தக் கட்டத்தில் இரகசியம் உடையும் என்பதைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். கையெழுத்துக்கு முன்னால், வாயாலும் சொல்ல வேண்டும்.

ஜூன் 21, சனி
பதிவாளர் இருவரும் தினமும் பேசிப் பேசி, சேர்ந்தே வரையறையிலிருந்து விலகிப்போவார்கள். கப்பா உயர்ந்தே இருக்கும், இருவரும் தவறாக இருப்பார்கள். வாரம் ஒருமுறை முன்பே குறியிட்ட பயிற்சிப் படத்தோடு ஒப்பிட வேண்டும். சரிபார்ப்பு நாள் எது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. சரிபார்க்கப்படலாம் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்
கடிதம் வந்தது. அனுமதி இல்லை, கேள்விதான்: குழந்தைகளின் மறுப்பை எப்படி அறிவீர்கள்? நல்ல கேள்வி. 2017 ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதலில் குழந்தையின் வாய்மொழி இசைவு 7 வயதிலிருந்துதான். இவர்களுக்கு 3, 4. ஆனாலும் மறுக்கத் தெரியும். முதுகைத் திருப்புவது, முகத்தை மறைப்பது, தாளைக் கையால் மூடுவது, ஆசிரியையின் பின்னால் போய் ஒளிவது. இதில் ஒன்று நடந்தாலும் அன்றைக்கு அந்தக் குழந்தையை விட்டுவிட வேண்டும், அதுவரை எழுதியதைக் கிழிக்க வேண்டும். இரண்டாம் நாளும் நடந்தால் ஆய்விலிருந்தே நீக்கம், பெற்றோர் கையெழுத்து இருந்தாலும். பட்டியலில் அழுகையைச் சேர்ப்பதா? 3 வயதில் அழுகைக்கு நூறு காரணம். சேர்க்கிறேன். நாளை பதில் அனுப்ப வேண்டும்